போலந்துப் படையில் விடுபட்ட இரண்டு படிகள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் ஞாயிறு இணைப்பில் இரண்டாம் உலகப் போர் குறித்து வெளிவரும் தொடரைத் தவறாமல் படித்துவருகிறேன். அதன் அண்மைப் பகுதி, 1939ஆம் ஆண்டு போலந்து ஐந்தே வாரங்களில் வீழ்ந்ததற்கு, அந்நாட்டுக் குதிரைவீரர்கள் ஈட்டிகளை ஏந்திக்கொண்டு ஜெர்மானிய டாங்கிகள் மீது பாய்ந்த அறியாமையே காரணம் என்று கூறியிருந்தது. இது பல்லாண்டுகளாகப் பலரும் திருப்பிச் சொல்லிவரும் கதை. கட்டுரையாளரை மட்டும் குறைசொல்லிப் பயனில்லை. ஆயினும் அந்தக் கதை, அந்தப் போரில் உண்மையில் ஆராயத்தக்க ஒன்றை, அதாவது போலந்து தன் டிவிஷன்களைப் போர்க்காலத்தில் எவ்வாறு தொகுத்து யார் கையில் ஒப்படைத்தது என்பதை, முற்றிலும் மறைத்துவிடுகிறது. அதுபற்றிச் சற்று விரிவாகவே எழுத அனுமதிக்க வேண்டுகிறேன்.

முதலில் அந்தக் குதிரைப் பாய்ச்சல். செப்டம்பர் 1ஆம் நாள் மாலை, பொமரேனியப் பகுதியிலுள்ள குரோயான்ட்டி என்ற ஊருக்கு அருகே, 18ஆம் உலான் குதிரைப்படை ரெஜிமெண்டின் ஒரு பகுதி வாளேந்திப் பாய்ந்தது உண்மை. ஆனால் அது பாய்ந்தது திறந்த வெளியில் ஓய்ந்திருந்த ஜெர்மானியக் காலாட்படை மீது. கவச வண்டிகள் பிறகே வந்து இயந்திரத் துப்பாக்கிகளால் சுட்டன. ரெஜிமெண்டின் தளபதி கர்னல் மஸ்தாலெஷ் அங்கேயே உயிரிழந்தார். அந்த ரெஜிமெண்ட் 'செர்ஸ்க்' செயற்பாட்டுக் குழு என்ற அமைப்பைச் சேர்ந்தது. அந்தக் குழு பின்வாங்குவதற்கு அவகாசம் தேடித்தரவே அந்தத் தாக்குதல் நடத்தப்பட்டது. அதே நாளில் மோக்ரா என்ற சிற்றூரில் வோலின் குதிரைப்படைப் பிரிகேடு, ஒரு முழு ஜெர்மானியக் கவச டிவிஷனை நாள் முழுதும் தடுத்து நிறுத்தியது. அங்கே வீரர்கள் குதிரைகளைப் பின்னால் நிறுத்திவிட்டு, 37 மில்லிமீட்டர் போஃபர்ஸ் டாங்கி எதிர்ப்புப் பீரங்கிகளைக் கொண்டும் கவச ரயில் ஒன்றின் துணையோடும் தரையில் நின்று போரிட்டார்கள். போலந்துக் குதிரைப்படைக்குக் குதிரை பெரும்பாலும் போக்குவரத்துக்கே பயன்பட்டது. போரிடுவது கால்களில் நின்றுதான்.

இனி அமைப்புக்கு வருகிறேன். அமைதிக் காலத்தில் போலந்திடம் 30 காலாட்படை டிவிஷன்களும் 11 குதிரைப்படைப் பிரிகேடுகளும் இருந்தன. நாடு பத்து 'கோர் மாவட்டங்களாக'ப் பிரிக்கப்பட்டிருந்தது. கோர் என்பது பொதுவாகச் சில டிவிஷன்களை ஒரே தலைமையின் கீழ் சேர்த்த போர்க்களத் தொகுதி. பெயரில் கோர் இருந்தாலும் இவை ஆள்சேர்ப்பு, கிடங்கு, மருத்துவமனை, படைமுகாம் ஆகியவற்றைக் கவனிக்கும் நிர்வாக அலுவலகங்கள் மட்டுமே. போர் மூண்டதும் டிவிஷன்கள் இவற்றின் கையைவிட்டுப் போய்விடும். ஒரு டிவிஷன் என்பது மூன்று காலாட்படை ரெஜிமெண்டுகள், ஒரு இலகு பீரங்கி ரெஜிமெண்ட், பிற துணைப் பிரிவுகள் எனச் சுமார் 16,500 பேர். இவர்களோடு 7,000க்குச் சற்றே குறைவான குதிரைகள். 27 டாங்கி எதிர்ப்புப் பீரங்கிகள் இருந்தன. ஆள்பலத்தில் ஜெர்மானிய டிவிஷனுக்கு ஏறத்தாழ ஈடான அமைப்பு அது. கனரகப் பீரங்கியிலும் தகவல்தொடர்புக் கருவிகளிலும் மட்டும் வெகுவாகப் பின்தங்கியிருந்தது. போர்க்காலத்தில் இவற்றுடன் சேர்க்கும் பொருட்டு, ஒன்பது ரிசர்வ் டிவிஷன்களை எழுப்பவும் திட்டம் இருந்தது.

டிவிஷனுக்கு மேலே என்ன இருந்தது என்பதில்தான் கதையே இருக்கிறது. 1939 மார்ச் மாதத்தில், செக்கோஸ்லோவாக்கியா துண்டாடப்பட்ட பிறகு, அதுவரை சோவியத் எல்லையையே நோக்கித் திட்டமிட்டுவந்த போலந்துத் தலைமை அவசர அவசரமாக மேற்குத் திட்டம் ஒன்றைத் தீட்டத் தொடங்கியது. அதன்படி எல்லையெங்கும் 'படைகள்', அதாவது பல டிவிஷன்களைக் கொண்ட பெருந்தொகுதிகள், அரைவட்டமாக நிறுத்தப்பட்டன: வடகிழக்கில் நாரெவ் தனிச் செயற்பாட்டுக் குழு, ஜெர்மானியப் பகுதியான கிழக்குப் புருஷியாவுக்கு எதிரே மோட்லின் படை, கடலோர நிலக்கீற்றில் பொமரேனியப் படை, மேற்கே துருத்தி நின்ற பகுதியில் போஸ்னான் படை, அதற்குத் தெற்கே வூட்ஜ் படை, சிலேசியாவிலும் தென்மேற்கிலும் கிராகோவ் படை, ஸ்லோவாக்கிய மலைத்தொடரை ஒட்டிக் கார்பாத்தியப் படை. இவற்றுக்குப் பின்னால் புரூசி என்ற பெயரில் ஒரு ரிசர்வ் படை. இந்த எட்டும், வேறு சில சிறு குழுக்களும், வார்சாவில் இருந்த தலைமைத் தளபதி மார்ஷல் எட்வர்ட் ஸ்மிக்லி-ரிட்ஸிடமே நேரடியாகக் கட்டளை பெற்றன.

எதிர்த்தரப்பு இதற்கு நேர்மாறானது. ஜெர்மானியர் வந்தது ஐந்து படைகளோடு. அந்த ஐந்தும் வடக்கு, தெற்கு என இரண்டு படைத்தொகுதிகளாகப் பிரிக்கப்பட்டு, ஃபான் போக், ஃபான் ருன்ஸ்டெட் என்ற இரண்டு தளபதிகளின் கீழ் இருந்தன. ஒவ்வொரு படைக்குள்ளும் நிலையான தலைமையகமும் சொந்தத் தந்திப் பிரிவும் கொண்ட கோர்கள், கோருக்குள் டிவிஷன்கள். போலந்தின் ஏணியில் இவற்றில் இரண்டு படிகள் இல்லை. தலைமைத் தளபதிக்கும் படைத் தளபதிக்கும் நடுவில் ஒருவரும் இல்லை. படைத் தளபதிக்கும் டிவிஷன் தளபதிக்கும் நடுவில் நிலையாக ஒருவரும் இல்லை.

இதை மடமை என்று ஒதுக்கிவிடலாகாது. கோர் என்ற படியை விட்டுவிட்டதற்கு நியாயமான காரணங்கள் இருந்தன. 1919 முதல் 1921 வரை சோவியத் ரஷ்யாவுடன் நடந்த போரில், சாலைகள் குறைந்த பரந்த சமவெளியில், சிறிய எண்ணிக்கையிலான டிவிஷன்களைத் தேவைக்கேற்பச் சேர்த்தும் பிரித்தும் குழுக்களாக்கி நகர்த்தியே போலந்து வென்றது. அந்த அனுபவத்தில் ஊறிய அதிகாரிகளுக்கு, நிலையான கோர் என்பது தேவையற்ற பாரமாகப்பட்டது. பணமும் ஒரு காரணம். ஒவ்வொரு கோருக்கும் ஒரு தலைமையகம், பயிற்சி பெற்ற அதிகாரிகள், தந்திப் பிரிவு, கனரகப் பீரங்கி, பொறியாளர் பிரிவு எல்லாம் வேண்டும்; இவை எவையும் போலந்திடம் போதிய அளவில் இல்லை. எனவே கோருக்குப் பதிலாக 'செயற்பாட்டுக் குழு' என்ற ஏற்பாட்டை வைத்துக்கொண்டார்கள். இரண்டு மூன்று டிவிஷன்களையோ, ஒரு டிவிஷனையும் ஒரு குதிரைப்படைப் பிரிகேடையுமோ ஒரு தளபதியின் கீழ் தற்காலிகமாக வைப்பது; ஊர்ப் பெயரையோ தளபதியின் பெயரையோ அதற்குச் சூட்டுவது; வேலை முடிந்ததும் கலைத்துவிடுவது. வூட்ஜ் படையில் தோமே தலைமையிலான பியோட்ர்கோவ் குழு, கிராகோவ் படையில் யாக்மின்-சடோவ்ஸ்கியின் சிலேசியக் குழு, போஸ்னான் படையில் நோல்-கொவ்னாட்ஸ்கியின் குழு என்பன இவ்வகையின. இக்குழுக்கள் போர்க்களக் கட்டளையை மட்டுமே கவனித்தன. உணவு, வெடிமருந்து, மருத்துவம் எல்லாம் படைத் தலைமையகத்திலிருந்து நேராக டிவிஷனுக்குப் போக வேண்டும். குழுத் தளபதியிடம் ஒரு சிறு அலுவலகமும் சில தொலைபேசி இணைப்புகளும் இருந்தால் அதுவே அதிகம்.

படைகளுக்கு மேலே ஒரு படி இல்லாமற்போனதை மட்டும் என்னால் அவ்வளவு எளிதில் நியாயப்படுத்த முடியவில்லை. ஏனெனில் 1920இல் அந்தப் படி இருந்தது. அந்த ஆகஸ்ட் மாதத்தில் வார்சாவைக் காத்த போர், வடக்கு, மத்திய, தெற்கு என்று மூன்று போர்முனைகளாகப் பிரிக்கப்பட்டு, ஒவ்வொன்றும் சில படைகளை ஆளும் வகையில் அமைக்கப்பட்டிருந்தது. அவற்றுள் மத்தியப் போர்முனையின் தளபதி யார் என்றால், இதே ஸ்மிக்லி-ரிட்ஸ்! வியெப்ஷ் ஆற்றங்கரையிலிருந்து அன்றைய போலந்துத் தலைவர் பில்சூட்ஸ்கி தொடுத்த புகழ்பெற்ற எதிர்த்தாக்குதல் அந்த முனையிலிருந்தே புறப்பட்டது. அந்த அமைப்பின் பயனைக் கண்ணால் கண்டவர், தாமே தலைமைத் தளபதியானபோது எல்லாக் கயிறுகளையும் தம் ஒரு கையில் பிடித்துக்கொள்ள விரும்பினார். பில்சூட்ஸ்கி 1926இல் நிறுவிய ஆயுதப்படைத் தலைமை ஆய்வாளர் அலுவலகமும் இந்த மனப்போக்கை வளர்த்தது. போர் வந்தால் படைத் தளபதிகளாக வேண்டிய ஆய்வாளர்கள் அங்கே தனித்தனியே ஒருவரிடம் மட்டும் பேசிப் பழகியிருந்தார்கள். 1939 கோடையில் ஒவ்வொரு படைத் தளபதிக்கும் அவருக்குரிய பணி மட்டுமே சொல்லப்பட்டது. பக்கத்துப் படை எங்கே நிற்கும், எந்த நாளில் எந்தக் கோட்டுக்குப் பின்வாங்கும் என்ற முழுத் திட்டம் அவருக்குத் தெரியாது. இரகசியம் காக்கும் நோக்கில் செய்த ஏற்பாடு அது. காக்கவும் செய்தது, தம் சொந்தத் தளபதிகளிடமிருந்தே காத்தது.

விளைவு முதல் நான்கு நாட்களிலேயே தெரிந்தது. சென்ஸ்டகோவா நகரைச் சுற்றி, வூட்ஜ் படையும் கிராகோவ் படையும் சந்திக்கும் எல்லையில், 7ஆம் காலாட்படை டிவிஷன் தனியே நின்றது. போர்க்கள விதிப்படி ஒரு டிவிஷன் தற்காப்பில் ஏறத்தாழ 10 கிலோமீட்டர் அகலத்தைத்தான் காக்க வேண்டும்; அந்த எல்லையில் பல டிவிஷன்கள் 30 கிலோமீட்டருக்கும் அதிகமான அகலத்தில் பரவிக் கிடந்தன. ஜெர்மானியரின் மிக வலிமையான படையான ரைக்கனாவின் 10ஆம் படை, கவச டிவிஷன்களோடு அந்த இடத்தில்தான் வந்து மோதியது. செப்டம்பர் 4ஆம் நாளுக்குள் 7ஆம் டிவிஷன் சூழப்பட்டு அழிந்தது. வூட்ஜ் படைக்கும் கிராகோவ் படைக்கும் நடுவே வாசல் திறந்துகொண்டது. அந்த வாசலை அடைப்பதற்கென்றே வைக்கப்பட்டிருந்தது புரூசி ரிசர்வ் படை. ஆனால் அது அப்போதும் ரயிலிலிருந்து இறங்கிக்கொண்டிருந்தது.

இந்த இடத்தில் ஒரு செய்தியைச் சொல்லாமல் போக முடியாது. போருக்கு முன் டான்சிக் நகரில் ஜெர்மானியர் கலகம் செய்தால் தலையிடுவதற்கென்று, 13ஆம், 27ஆம் டிவிஷன்களைச் சேர்த்து 'தலையீட்டுக் கோர்' ஒன்றைக் கடலோர நிலக்கீற்றில் நிறுத்தியிருந்தார்கள். போர் தொடங்கும் தறுவாயில் அதைக் கலைத்தார்கள். 13ஆம் டிவிஷன் புரூசி படையில் சேர நாட்டின் நடுப்பகுதிக்குப் புறப்பட்டது. 27ஆம் டிவிஷன் வெளியேற நேரமின்றி நிலக்கீற்றிலேயே சிக்கிச் சிதைந்தது. பெயரளவிலாவது கோர் என்று ஒன்றை உண்டாக்கியவர்கள், அதைப் போருக்கு முன்பே கலைத்துவிட்டதும் இந்த வரலாற்றின் ஒரு பகுதி.

புரூசி படையின் தளபதி டோம்ப்-பியர்னாட்ஸ்கி, கையிலிருந்த டிவிஷன்களை வந்தவாறே பிரித்துப் போரில் இறக்கினார். பியோட்ர்கோவிலும் தொமாஷோவ் மசோவியெட்ஸ்கியிலும் அவை செப்டம்பர் 5, 6 தேதிகளில் தனித்தனியே முறியடிக்கப்பட்டன. அவருக்கு இடப்பக்கம் கிராகோவ் படை, வலப்பக்கம் வூட்ஜ் படை. மூவரும் ஒரே ஜெர்மானியப் படைத்தொகுதியோடு போரிட்டார்கள். ஆனால் மூவரையும் ஒருசேர இயக்கக்கூடியவர் வார்சாவில் இருந்த மார்ஷல் ஒருவரே. அவரோ செப்டம்பர் 6ஆம் நாள் இரவு தலைமையகத்தோடு கிழக்கே பிரெஸ்ட் நகருக்குப் புறப்பட்டார். சாதாரணத் தபால்-தந்தித் தொலைபேசிக் கம்பிகளையே பெரிதும் நம்பியிருந்த கட்டளை வலை, விமானக் குண்டுவீச்சில் ஏற்கெனவே அறுந்துபோயிருந்தது. நடுவில் ஒரு போர்முனைத் தளபதி இருந்திருந்தால், மேலிருந்து குரல் வராத அந்த நாட்களில் அவர் தாமாக முடிவெடுத்திருக்க முடியும். கட்டளையின் எல்லா இழைகளும் ஒரே முடிச்சில் கட்டப்பட்டிருந்ததால் அந்த முடிச்சு இடம்பெயர்ந்ததும் படைகள் தத்தம் போக்கில் போயின.

வூட்ஜ் படைக்கு நேர்ந்தது இதற்கு இன்னொரு சான்று. அதன் தளபதி யூலியுஷ் ரூம்மெல் (ஆப்பிரிக்கப் பாலைவனத்தில் பின்னர்ப் புகழ்பெற்ற ஜெர்மானிய ரோம்மெல் வேறு, இருவரையும் ஒருவராக்கி எழுதுவோர் உண்டு) தலைமையகம் குண்டுவீச்சுக்கு ஆளானதும் தம் டிவிஷன்களோடு தொடர்பிழந்து வார்சா போய்ச்சேர்ந்தார். அங்கே புதிதாக அமைக்கப்பட்ட வார்சா படைக்குத் தளபதியாக்கப்பட்டார். களத்தில் எஞ்சியிருந்த வூட்ஜ் படையைத் திரட்டி, மோட்லின் கோட்டை வரை கொண்டுசென்றவர் பியோட்ர்கோவ் குழுவின் தோமே. அதாவது தற்காலிக ஏற்பாடாக வைக்கப்பட்ட ஒரு குழுத் தளபதிதான், நிலையான படைத் தலைமை காணாமற்போனபோது அதன் இடத்தை நிரப்பினார். செயற்பாட்டுக் குழு என்ற ஏற்பாட்டுக்குச் சாதகமாகச் சொல்ல வேண்டியதும் இதுவே: நல்ல தளபதி கிடைத்த இடத்தில் அது வேலை செய்தது.

போஸ்னான் படையின் தளபதி தடேயுஷ் குட்ஷேபாவின் அனுபவம் எல்லாவற்றிலும் விரிவாகப் படிக்கத்தக்கது. ஜெர்மானியத் தாக்குதல்கள் அவருக்கு வடக்கிலும் தெற்கிலும் கடந்துபோயின. அவருடைய நான்கு டிவிஷன்களும் இரண்டு குதிரைப்படைப் பிரிகேடுகளும் முதல் நாட்களில் ஏறத்தாழ முழுமையாகவே இருந்தன. தெற்கே வூட்ஜ் படையைத் தாக்கிக்கொண்டிருந்த ஜெர்மானிய 8ஆம் படையின் பக்கவாட்டு தம் கண்முன் திறந்து கிடப்பதைக் கண்டு, அதைத் தாக்க அனுமதி கேட்டார். மறுத்து, பின்வாங்கச் சொன்னார்கள். மறுபடி கேட்டு அனுமதி கிடைத்தபோது செப்டம்பர் 8 ஆகிவிட்டது. அதற்குள் வடக்கிலிருந்து போர்ட்னோவ்ஸ்கியின் பொமரேனியப் படை அடிபட்டுப் பின்வாங்கி அவர் பக்கத்தில் வந்து சேர்ந்திருந்தது. இரண்டு படைகளையும் ஒருங்கிணைத்து நடத்தும் பொறுப்பு குட்ஷேபாவிடம் வந்தது. எட்டு டிவிஷன்களும் சில குதிரைப்படைப் பிரிகேடுகளும் ஒரே திட்டத்தின் கீழ் இயங்கிய அந்த ப்சூரா ஆற்றுப் போர் செப்டம்பர் 9ஆம் நாள் மாலை தொடங்கியது. நோல்-கொவ்னாட்ஸ்கியின் மூன்று டிவிஷன்கள் வென்சிட்சா, பியோன்டெக் ஊர்ப்பகுதிகளில் ஜெர்மானிய 30ஆம் டிவிஷனைப் பின்னுக்குத் தள்ளின. வார்சாவை நோக்கி விரைந்துகொண்டிருந்த ஜெர்மானியப் பிரிவுகளைத் திருப்பிக் கொண்டுவரும் அளவுக்கு எதிரியைக் கலங்கச்செய்தன. இறுதியில் அந்தப் போர் தோற்றது. ஜெர்மானியர் எல்லாப் பக்கமிருந்தும் டிவிஷன்களையும் விமானங்களையும் குவித்து ஒரு வாரத்துக்குள் வளைத்துவிட்டார்கள். ஆயினும் இரண்டு போலந்துப் படைகள் ஒருவர் கையில் இருந்தபோது என்ன செய்ய முடிந்தது என்பதற்கு அந்த முதல் மூன்று நாட்களே சாட்சி. அதே தாக்குதல் ஐந்து நாட்களுக்கு முன் நடந்திருந்தால் வூட்ஜ் படையும் அதில் ஒரு பங்காளியாக இருந்திருக்கும்.

வியப்பு என்னவென்றால், விடுபட்ட அந்தப் படியைப் பிறகு கட்டத்தான் செய்தார்கள். செப்டம்பர் இரண்டாம் வாரத்தில், தெற்குப் போர்முனை சோஸ்ன்கோவ்ஸ்கியிடமும் வடக்குப் போர்முனை டோம்ப்-பியர்னாட்ஸ்கியிடமும் ஒப்படைக்கப்பட்டன; நடுவில் பிஸ்கோரின் கீழ் மத்தியப் போர்முனை அமைந்தது. தலைமையகமோ தந்திப் பிரிவோ வரைபடங்களோ போதிய அளவில் இல்லாமல், சிதறிய டிவிஷன்களைத் தேடிப் பிடித்துப் போர்முனை என்று பெயரிட்டார்கள். விஸ்துலா ஆற்றின் மேற்குக் கரையில் தம் புரூசி படையை விட்டுவிட்டு வந்த டோம்ப்-பியர்னாட்ஸ்கிக்கு அதைவிடப் பெரிய பொறுப்பைக் கொடுத்த காரணம் எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. அவர் வடக்குப் போர்முனையையும் அதே மாதத்தில் அவ்வாறே விட்டுச்சென்றார். செப்டம்பர் 17இல் சோவியத் படைகள் கிழக்கிலிருந்து நுழைந்த பின் இந்த ஏற்பாடுகளுக்குப் பொருளே இல்லாமற்போயிற்று. பிஸ்கோரின் படைகள் தொமாஷோவ் லுபெல்ஸ்கியில் செப்டம்பர் 20இல் சரணடைந்தன.

கடைசிவரை களத்தில் நின்றவர் யார் என்று பார்த்தால், அமைதிக்கால அமைப்பில் வெறும் நிர்வாக அதிகாரியாக வைக்கப்பட்டிருந்த ஒருவர். பிரெஸ்ட் கோர் மாவட்டத்தின் தலைவரான ஃபிரான்சிஷெக் கிளீபெர்க், கிடங்குகளில் எஞ்சியிருந்த ரிசர்வ் ஆட்களைக் கொண்டு 50, 60 என்று எண்ணிட்ட இரண்டு டிவிஷன்களை உண்டாக்கி, அலைந்துகொண்டிருந்த குதிரைப்படைப் பிரிவுகளையும் சேர்த்துப் பொலேசியத் தனிச் செயற்பாட்டுக் குழுவை அமைத்தார். கோட்ஸ்க் ஊரருகே நான்கு நாட்கள் போரிட்டு, வெடிமருந்து தீர்ந்த நிலையில் அக்டோபர் 6ஆம் நாள் அக்குழு சரணடைந்தது.

இரண்டு படிகளும் சரியாக இருந்திருந்தால் போலந்து வென்றிருக்குமா என்று கேட்டால், இல்லை என்றே சொல்வேன். விமான பலமும் கவச பலமும் பெருமளவு ஜெர்மானியர் பக்கம். மேற்கிலிருந்து வரவேண்டிய பிரெஞ்சுத் தாக்குதல் பெயருக்கு நடந்து நின்றது. முழு அணிதிரட்டல் ஆகஸ்ட் 29இல் அறிவிக்கப்பட்டு, பிரிட்டிஷ், பிரெஞ்சுத் தூதர்களின் வற்புறுத்தலால் நிறுத்தப்பட்டு மறுநாள் மீண்டும் அறிவிக்கப்பட்டதில் விலைமதிப்பற்ற நேரம் வீணாயிற்று. பின்னால் சோவியத் படையெடுப்பு. தோல்வி உறுதி. ஆனால் முதல் வாரத்திலேயே படைகள் ஒன்றுக்கொன்று துணையின்றிச் சிதறியது உறுதியான ஒன்றல்ல.

போலந்து அதிகாரிகளே பின்னாளில் எந்த அமைப்பை ஏற்றார்கள் என்பதும் கவனிக்கத்தக்கது. 1943இல் மத்தியக் கிழக்கில் ஆன்டெர்ஸ் தலைமையில் உருவான இரண்டாம் போலந்துக் கோர், பிரிட்டிஷ் முறையில் நிலையான தலைமையகமும் சொந்தப் பீரங்கித் தொகுதியும் தந்திப் பிரிவும் கொண்டிருந்தது. ஆள் பற்றாக்குறையால் அதன் இரண்டு காலாட்படை டிவிஷன்களிலும் மூன்றுக்குப் பதில் இரண்டு பிரிகேடுகளே இருந்தன. ஆனாலும் அந்தக் கோர், நம் 4ஆம் இந்திய டிவிஷன் 1944 பிப்ரவரியில் முயன்றும் கைப்பற்ற முடியாத இத்தாலியின் மோன்தே கசினோ மலையை அதே ஆண்டு மே 18இல் கைப்பற்றியது. அந்த மலைமீதிருந்த மடத்தின் இடிபாடுகளில் முதலில் ஏறியவர்கள் 12ஆம் பொடோலிய உலான் ரெஜிமெண்டைச் சேர்ந்தவர்கள். பழைய குதிரைப்படை ரெஜிமெண்டின் பெயரைத் தாங்கிய வேவுப் பிரிவினர்.

தங்கள் தொடரின் அடுத்த பகுதியில் செப்டம்பர் 1939 வரைபடம் அச்சிடப்படுமாயின், ஜெர்மானிய அம்புக்குறிகளோடு நிறுத்திவிடாமல், எட்டுப் போலந்துப் படைகளுக்கும் இடையிலான எல்லைக் கோடுகளையும், சென்ஸ்டகோவாவில் 7ஆம் டிவிஷன் நின்ற இடத்தையும், புரூசி படை இறங்கிக்கொண்டிருந்த ரயில் நிலையப் பகுதிகளையும் குறித்துக் காட்டுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற வரலாற்று ஆசிரியர் ஒருவர்,
கும்பகோணம்.